தாதியர் சங்கத்தின் மாவட்டக் கிளைத் தலைவர் பதவிக்கு நிற்கலாமா?

வாசகி ஒருவரின் கேள்வி, 2024 ஜூன் 9

நான் திருகோணமலை மாவட்டத்தின் கரையோர வைத்தியசாலை ஒன்றில் பதினொரு வருடங்களாகத் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறேன். எங்கள் தாதியர் சங்கத்தின் மாவட்டக் கிளைக்கு ஆகஸ்ட் மாத இறுதியில் புதிய நிர்வாகக் குழு தெரிவாகவிருக்கிறது. தலைவர் பதவிக்கு நிற்கும்படி மூன்று பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள். இந்தப் பதவி மூத்த சிஸ்டர்மாருக்கும் நகரத்துப் பெரிய வைத்தியசாலையில் வேலை செய்பவர்களுக்கும் உரியது என்று கணவர் சொல்கிறார். சங்கத்தால் சம்பளம் கூடப்போவதுமில்லை, இடமாற்றம் நிற்கப்போவதுமில்லை, பிறகு எதற்கு என்று தோழிகள் கேட்கிறார்கள். அக்கா, நீங்கள் இரண்டு தடவை நின்றவர். நான் நிற்கலாமா?

2024 ஜூன் 10

தங்கச்சி, நில்லுங்கள். காரணத்தைப் பிறகு விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன்னர் ஒன்றைக் கேட்டு வைக்கிறேன். உங்களை நிற்கும்படி சொன்ன மூன்று பேரும் இந்த வருடச் சந்தாவைக் கட்டியிருக்கிறார்களா? நீங்கள் கட்டியிருக்கிறீர்களா? பற்றுச்சீட்டு கையில் இருக்கிறதா?

2008 இல் நான் முதல் தடவை நின்றபோது ஒன்பது வாக்குகளால் தோற்றேன். எனக்கு வாக்களிப்பதற்காக இரவுக் கடமையை முடித்துக்கொண்டு, கண்ணயராமல் நேரே மண்டபத்துக்கு வந்த பதினொரு பேர், சந்தா நிலுவையில் இருந்த காரணத்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். யாரும் அவர்களுக்கு அநியாயம் செய்யவில்லை. கூட்டத்துக்கு முப்பது நாட்களுக்கு முன்னர் சந்தா செலுத்தியவர்களின் பெயர்களே வாக்காளர் பட்டியலில் இடம்பெறும் என்று எங்கள் யாப்பில் தெளிவாக எழுதியிருந்தது. தலைவராக வர விரும்பிய நான் அந்த யாப்பை ஒரு தடவையேனும் முழுமையாக வாசித்திருக்கவில்லை. முதலில் யாப்பின் பிரதியொன்றை வாங்கி, பென்சிலால் கோடிட்டுக்கொண்டு வாசியுங்கள்.

2024 ஜூன் 12

சம்பளமும் இடமாற்றமும் பற்றி உங்கள் தோழிகள் கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் அது மூன்று வெவ்வேறு அமைப்புகளை ஒன்றாகக் கலந்து கேட்கப்பட்ட கேள்வி.

முதலாவது தாதியர் பேரவை. அது 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. நம்மைப் பதிவு செய்வதும், தொழில் ஒழுக்கத்தை மீறியவர் மீது விசாரணை நடத்துவதும் அதன் வேலை. பேரவை பொதுமக்களைப் பாதுகாப்பதற்காக இருப்பது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். இரண்டாவது தொழிற்சங்கம். 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். சம்பளம், மேலதிக நேரக் கொடுப்பனவு, இடமாற்றச் சபை, வேலைநிறுத்தம் ஆகியவை அதன் களம். மூன்றாவதுதான் நீங்கள் நிற்கப்போகும் தொழில்சார் சங்கம். தொழிலின் தரம், தொடர் கல்வி, ஒழுக்கக் கோவை, புதிதாக வரும் பிள்ளைகளை வழிநடத்துதல், வைத்தியசாலை நிர்வாகத்தோடும் ஊரோடும் தாதியர் சார்பில் பேசுதல் ஆகியவை இதன் பொறுப்புகள்.

சர்வதேசத் தாதியர் பேரவை 1899 இல் தொடங்கியது. இன்று 130 க்கும் மேற்பட்ட நாடுகளின் தேசியத் தாதியர் சங்கங்கள் அதில் இருக்கின்றன. அதன் தலைமையகம் ஜெனீவாவில் இருக்கிறது. அந்தப் பேரவை 1953 இல் ஏற்றுக்கொண்டு, கடைசியாக 2021 இல் திருத்திய ஒழுக்கக் கோவையில் நான்கு பகுதிகள் உள்ளன. நோயாளரும் பராமரிப்பு வேண்டுவோரும் முதற்பகுதி, நடைமுறை இரண்டாவது, தொழில் மூன்றாவது, உலக சுகாதாரம் நான்காவது. தொழில் என்ற அந்த மூன்றாம் பகுதியை வாசித்துப் பாருங்கள். சங்கத்தில் பங்கெடுப்பதை வேலை முடிந்த பின்னர் செய்யும் உபகாரமாக அது கருதவில்லை. தாதியின் கடமைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

ஆகவே வாக்குக் கேட்கும்போது "இடமாற்றத்தை நிறுத்தித் தருவேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது உங்கள் கையில் இல்லாத காரியம். இல்லாததைச் சொல்லி வென்றவர்கள் முதல் ஆறு மாதங்களிலேயே முகம் கொடுக்க முடியாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

2024 ஜூன் 16

ஜூன் 10 இல் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். அது முழு உண்மை அன்று. சந்தா நிலுவையால் பதினொரு வாக்குகள் போனது உண்மைதான். ஒன்பது வாக்குகளால் தோற்ற கதையை இத்தனை வருடங்களாக நான் அந்தக் கணக்கை வைத்தே சொல்லி வந்திருக்கிறேன், ஏனென்றால் அதைச் சொல்லும்போது மனம் அதிகம் வலிப்பதில்லை.

மற்றக் காரணம் இது. 2008 இல் கிண்ணியாப் பாலம் இல்லை. அந்தப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளமான அந்தப் பாலத்தில் இப்போது ஓட்டோவில் ஏறியிருந்து பேசி முடிப்பதற்குள் அக்கரைக்குப் போய்விடுகிறோம். அப்போது பாதைக்காகத் துறையில் காத்திருக்க வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக் கடக்கும் அந்தத் தட்டைப் படகை. கிண்ணியாவைத் தாண்டி மூதூருக்குத் தரைவழியாகப் போவதென்றால் இன்னும் பாதைகள் இருந்தன. இல்லையென்றால் திருகோணமலையிலிருந்து லோஞ்சில் குடாவைக் கடக்க வேண்டும். சோதனைச் சாவடிகள் நிறைந்த காலம். காலையில் புறப்பட்டால் மாலைக்குள் திரும்புவது நிச்சயமில்லை. நான் போகவில்லை. நகரத்திலும் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் இருந்தவர்களைச் சந்தித்தேன், கந்தளாய்க்கு ஒரு தடவை போனேன், தண்ணீருக்கு அப்பால் இருந்தவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லியனுப்பினேன்.

சில வருடங்கள் கழித்து மூதூர்ப் பக்கத்து மூத்த தாதி ஒருவர் பயிற்சி வகுப்பொன்றில் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். சாப்பாட்டுப் பொதியைப் பிரித்து, பொரித்த மீன் துண்டொன்றை எனக்கு வைத்துவிட்டு, மிகவும் சாதாரணமாகச் சொன்னார்: "மிஸ், அந்த முறை நாங்கள் ஒருவரும் உங்களுக்குப் போடவில்லை. உங்கள் முகத்தை நாங்கள் பார்த்ததில்லை. மற்றவர் லோஞ்சில் வந்து, மழையில் நனைந்து, எங்கள் வாட்டில் வைத்துத் தேநீர் குடித்துவிட்டுப் போனார்." அவர் குறை கூறவில்லை. நடந்ததைச் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியத்தால்தான் 2012 இல் நான் வேறு விதமாக நின்றேன். மாவட்டத்தில் தாதியர் கடமை செய்யும் ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் ஒரு தடவையாவது போனேன். நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீற்றர் தூரத்திலுள்ள கந்தளாய்க்கும், வடக்கே அதைவிடத் தூரமான புல்மோட்டைக்கும், தம்பலகாமத்துக்கும், தெற்கே ஈச்சிலம்பற்று வரைக்கும் போனேன். இரண்டு மாதங்கள் எடுத்தது. அந்தப் பயணங்களில் நான் பேசியது குறைவு. ஒவ்வோர் இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டு, சொன்னதை சீ.ஆர். கொப்பியில் எழுதினேன்: "இந்த இடத்தில் கடமை செய்வதில் உங்களை மிகவும் களைப்படையச் செய்வது எது?"

2024 ஜூன் 17

நேற்று எழுதியதை வைத்து, கரையோர வைத்தியசாலையில் இருப்பது உங்களுக்குப் பாதகம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கணவர் பாதகமாகப் பார்ப்பதை நான் சாதகமாகப் பார்க்கிறேன். நகரத்தில் உள்ளவர் உங்களிடம் வர வேண்டியதில்லை என்று நினைத்திருக்கக்கூடும். நீங்கள் நகரத்துக்குப் போகாமல் வெல்ல முடியாது என்பது உங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

2024 ஜூன் 23

சிங்களம் பற்றி. நேற்று ஒருவருக்குத் தனிப்பட எழுதும்போது, எழுதப் படித்துவிட்டு அடுத்த தடவை நிற்கலாம் என்று பதில் சொல்லிவிட்டேன். இரவு முழுவதும் அது மனத்தை உறுத்தியது. அந்தப் பதிலைத் திருப்பிப் பெற்றுக்கொள்கிறேன்.

நம் மாவட்டத்தில் மூன்று சமூகங்களும் ஒரே கடமை அட்டவணையில் இருக்கிறோம். தமிழ் நோயாளிக்குச் சிங்களத் தாதியும், சிங்கள நோயாளிக்கு முஸ்லிம் தாதியும் சேலைன் ஏற்றுகிறார்கள். தேவையான சொற்களை வாட்டு தானாகவே கற்றுத் தந்துவிடுகிறது. உங்களுக்குப் பேச வருகிறது, அது போதும். எழுதுவதற்கு நன்றாகச் சிங்களம் தெரிந்த ஒருவரைச் செயலாளராக உங்களோடு சேர்ந்து நிற்கச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் பெயரில் போகும் ஒவ்வோர் அறிவித்தலையும் இரண்டு மொழியிலும் நீங்களே எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள், குறைந்தபட்சம் திகதியையும் நேரத்தையும் இடத்தையும்.

இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். நான் தலைவராக இருந்த முதல் வருடத்தில் பயிற்சி வகுப்பொன்றுக்கான அறிவித்தலில் தமிழில் 12 ஆம் திகதி என்றும் சிங்களத்தில் 21 ஆம் திகதி என்றும் வந்துவிட்டது. கையெழுத்து என்னுடையது. 12 ஆம் திகதி மண்டபத்தில் தமிழ் பேசுவோர் மட்டும் அமர்ந்திருந்தோம். 21 ஆம் திகதி ஆறு சிங்களத் தாதியர், அதில் ஒருவர் ஏழு மாதக் கர்ப்பிணி, பஸ்ஸில் வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார்கள். அடுத்த வாரமே அவர்களுடைய இடத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், அதே வகுப்பை அங்கேயே நடத்தினோம். அவர்கள் மன்னித்தார்கள். ஆனாலும், "வேண்டுமென்றுதான் செய்தார்கள்" என்று வேறு சிலர் சொன்ன பேச்சு அடங்க ஒரு வருடம் சென்றது. நம் ஊரில் எழுத்துப் பிழை, எழுத்துப் பிழையாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

2024 ஜூலை 2

கந்தளாயிலிருந்து ஒரு தம்பி, ஆண் தாதிய உத்தியோகத்தர், நீளமாக எழுதியிருக்கிறார். போட்டி எதற்கு, எல்லோரும் கூடிப் பேசி ஏகமனதாக ஒருவரைத் தெரிவு செய்தால் ஒற்றுமை கெடாதே என்பது அவர் கருத்து. கோயில் பரிபாலன சபையிலிருந்து மரண உதவிச் சங்கம் வரைக்கும் "ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார்" என்று எழுதுவதை நாம் ஒரு மரியாதையாகவே வைத்திருக்கிறோம். அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் ஏகமனதாக வந்த தலைவர்களின் கீழ் நான் உறுப்பினராக இருந்திருக்கிறேன். நல்லவர்கள். வருடத்தில் ஒரு கூட்டம், தாதியர் தினமான மே 12 இல் குத்துவிளக்கு, ஓய்வு பெறுபவருக்குப் பொன்னாடை. வாக்குக் கேட்டு யாரிடமும் போக வேண்டியிராததால், யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் தேவையும் அவர்களுக்கு வரவில்லை. போட்டி இருந்த வருடங்களில்தான் தூரத்து வைத்தியசாலைகளின் வாசலைத் தலைமை மிதித்தது. முன்மொழிந்து, வழிமொழிந்து, இரகசியமாக வாக்களித்து, எல்லோர் முன்னிலையிலும் எண்ணி வந்த தலைவருக்கு நிர்வாகத்தின் முன் பேசும்போது ஒரு முதுகெலும்பு இருக்கும். "இத்தனை பேர் என்னை அனுப்பியிருக்கிறார்கள்" என்று அவரால் சொல்ல முடியும்.

2024 ஜூலை 7

தம்பி மீண்டும் எழுதியிருக்கிறார்: "அக்கா, போட்டிக்குப் பிறகு ஒரே வாட்டில் முகம் பார்க்காமல் வேலை செய்தவர்களை நீங்கள் பார்த்ததில்லையா?" பார்த்திருக்கிறேன். அதை எழுதாமல் விட்டது என் தவறு.

2008 தேர்தலுக்குப் பிறகு எனக்காக நின்ற ஒருவரும் மற்றவருக்காக நின்ற ஒருவரும் பல மாதங்கள் பேசாமல் இருந்தார்கள். இருவரும் ஒரே வாட்டு. இரவு 7 மணிக்குக் கடமையை ஒப்படைக்கும்போது, வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், ரிப்போர்ட் புத்தகத்தை மேசையில் திறந்து வைத்துவிட்டு ஒருவர் போய்விடுவார், மற்றவர் வந்து வாசித்துக்கொள்வார். ஒருநாள் இரவு, நீரிழிவு நோயாளி ஒருவர் மாலைச் சாப்பாட்டைத் தொடவில்லை என்ற செய்தி புத்தகத்தில் ஏறவில்லை. இன்சுலின் ஏற்கனவே போட்டாயிற்று. வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறும்போது பக்கத்துக் கட்டில்காரர் கூப்பிட்டதால் அந்த மனிதர் பிழைத்தார். குளுக்கோஸ் ஏற்றினோம், அரை மணித்தியாலத்தில் கண் விழித்து ஊர்ப் பெயரைச் சொன்னார். அந்த நோயாளிக்கு நம் சங்கத்தில் வாக்குமில்லை, எந்தப் பக்கமும் இல்லை.

ஆகவே 2012 இல் நானும் எதிர்த்து நின்றவரும் முன்னதாகவே சந்தித்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். காலை 7 மணி, பகல் 1 மணி, இரவு 7 மணி ஆகிய கடமை மாறும் வேளைகளில் எங்கள் ஆதரவாளர் எவரும் தேர்தல் பற்றி வாய் திறக்கக் கூடாது. சீருடையில் வாக்குக் கேட்கக் கூடாது. முடிவு வந்த மறுநாள் இருவரும் ஒன்றாக ஒவ்வொரு வாட்டுக்கும் போக வேண்டும். போனோம். அவர் தோற்ற முகத்தோடு என்னோடு கூட நடந்தது எனக்குக் கிடைத்த வாக்குகளை விடப் பெரியது. பிறகு அவரே இரண்டு வருடங்கள் எங்கள் கல்விக் குழுவை நடத்தினார்.

தம்பி, உங்கள் பயத்தை நான் இப்போது முழுமையாக ஏற்கிறேன். போட்டி வேண்டும் என்பதில் மாற்றமில்லை. இந்த ஒப்பந்தமும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

2024 ஜூலை 14

"வென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது?" என்று தங்கச்சி கேட்டிருக்கிறார்.

ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். பதவியேற்று இரண்டு வருடங்களுக்குள் முடித்துக் காட்டக்கூடிய ஒன்றே ஒன்று. நான் எழுதிய சீ.ஆர். கொப்பியில் பதினான்கு இடங்களிலும் வேறு வேறு சொற்களில் திரும்பத் திரும்ப வந்த விடயம் இரவுக் கடமை. இரவு 7 மணியிலிருந்து காலை 7 மணி வரை பன்னிரண்டு மணித்தியாலங்கள் ஒருவர் தனியாக ஒரு வாட்டைப் பார்த்துக்கொள்வதுதான் எல்லோரையும் களைப்படையச் செய்தது. அதையே நான் எடுத்துக்கொண்டேன்.

தாதியர் பற்றாக்குறை என்று எல்லோரும் எப்போதும் சொல்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு அதிகாரிகளின் காது மரத்துப் போயிருக்கிறது. நாங்கள் எண்ணத் தொடங்கினோம். ஒரு மாதம் முழுவதும், ஒவ்வொரு வாட்டிலும், இரவு 7 மணிக்கு எத்தனை நோயாளர், எத்தனை தாதியர், நள்ளிரவுக்குப் பின் புதிதாக எத்தனை பேர் அனுமதி, காலை 7 மணிக்குச் செய்யாமல் எஞ்சிய வேலை என்ன என்று நான்கு பத்திகள். அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை, ஏனென்றால் ஐந்தாவது பத்தியை நள்ளிரவில் யாரும் நிரப்ப மாட்டார்கள். அந்தத் தாள்களைக் கூட்டி ஒரே பக்கத்தில் அட்டவணையாக்கி, சம்பந்தப்பட்ட அதிகாரியின் மேசையில் வைத்தோம். அவர் வழமைபோல முதல் வரியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். பிறகு மறுபடி குனிந்து, "இந்த இரவில் முப்பத்தெட்டுப் பேருக்கு ஒருவரா?" என்று கேட்டார். அதற்கு முன் எத்தனையோ கடிதங்கள் கொடுத்திருக்கிறோம், அவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டது அன்றுதான் முதல் தடவை. அடுத்து நியமனம் பெற்று வந்த தொகுதியிலிருந்து இரண்டு வாட்டுகளுக்கு இரவில் இரண்டாவது ஆள் கிடைத்தார். இரண்டே இரண்டு வாட்டுகள். மற்றவை அப்படியே இருந்தன, அதையும் கூட்டத்தில் மறைக்காமல் சொன்னேன்.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாளான மே 12 இல் நாம் விளக்கை ஏற்றுகிறோம். 1854 இல் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலைக்குப் போனவர், திரும்பி வந்து இராணுவத்தின் மரணக் கணக்கை அட்டவணையாகவும் வட்ட வரைபடமாகவும் வரைந்து ஆட்சியாளரின் முன் வைத்தார். போரில் காயப்பட்டு இறந்தவர்களை விட, தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்கள் மிக அதிகம் என்பதை அந்தப் படம் ஒரே பார்வையில் காட்டியது. பிரித்தானியப் புள்ளிவிபரச் சங்கம் சேர்த்துக்கொண்ட முதற்பெண் அவர். பயிற்சிக் கல்லூரியில் நமக்கு விளக்கின் கதையை உருக்கமாகச் சொன்னார்கள். அட்டவணையின் கதையையும் அதே உருக்கத்தோடு சொல்லியிருந்தால் எத்தனையோ தாதியர் முன்னரே எண்ணத் தொடங்கியிருப்பார்கள் என்பது என் ஆதங்கம்.

2024 ஜூலை 15

நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம். அந்தத் தாள்களில் நோயாளர் பெயரோ கட்டில் இலக்கமோ எழுதப்படவில்லை. எண்ணிக்கை மட்டுமே. எதற்காகச் சொல்கிறேன் என்றால், இப்போது கிளைக்கு வட்ஸ்அப் குழு இருக்கிறது. வாட்டின் நெரிசலைக் காட்டுவதற்காகப் படம் எடுத்துப் போடுகிறார்கள், அதில் நோயாளியின் முகம் தெரிகிறது. நல்ல நோக்கத்தோடு செய்தாலும் அது அந்த மனிதரின் இரகசியத்தை மீறுவதுதான். தலைவரானால் முதல் நாளே இதைக் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள்.

2024 ஜூலை 21

பணம் பற்றி யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

2012 இல் பதவியேற்றபோது எனக்குக் கிடைத்தவை ஒரு பொலித்தீன் பைக்குள் இருந்தன. பாதி கிழிந்த மூன்று பற்றுச்சீட்டுப் புத்தகங்கள், ஒரு வங்கிப் புத்தகம், யாருடையது என்று தெரியாத ஒரு திறப்பு. கூட்டக் குறிப்புப் புத்தகம் இல்லை. முன்னைய குழுவினர் திருடியதாக நான் நினைக்கவில்லை. யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். கணக்கைச் சரிசெய்ய நான்கு மாதங்கள் சென்றன. வங்கியில் கையெழுத்தை மாற்றுவதற்குக்கூட, புதிய குழு தெரிவான கூட்டத்தின் குறிப்பை அத்தாட்சிப்படுத்திக் கொண்டுவரச் சொன்னார்கள். ஆகவே தெரிவு நடக்கும் அந்தக் கூட்டத்திலேயே குறிப்பு எழுதப்படுகிறதா, யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், எத்தனை வாக்கு என்பது பதிவாகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பணம் எடுப்பதற்கு எப்போதும் இரண்டு பேரின் கையெழுத்து வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள்.

நான் 2016 இல் விடைபெறும்போது, வாட்டில் ரிப்போர்ட் கொடுப்பதைப் போலவே புதிய தலைவரோடு ஒரு மேசையில் அமர்ந்து, முடிந்தவை, முடியாதவை, கவனமாகப் பார்க்க வேண்டியவை என்று வாயாலும் எழுத்தாலும் ஒப்படைத்தேன். இரண்டு மணித்தியாலங்கள் எடுத்தது. 2022 இல் எரிபொருள் வரிசையில் தாதியர் கடமைக்கு வர முடியாமல் தவித்தபோது, எந்தப் பகுதியிலிருந்து யார் யார் எந்தக் கடமைக்கு வருகிறார்கள் என்ற பட்டியல் கிளையிடம் ஆயத்தமாக இருந்தது. அதை வைத்து அப்போதைய தலைவர் இரண்டு நாட்களில் கூட்டுப் பயணத்துக்கு ஒழுங்கு செய்தார். அந்தப் பட்டியல் ஒப்படைக்கப்பட்டு ஒப்படைக்கப்பட்டுக் கைமாறி வந்தது.

2024 ஜூலை 28

பிள்ளைகள் பற்றி. இதை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், ஏனென்றால் இதில் என்னிடம் தெளிவான பதில் இல்லை.

2008 இல் என் மகளுக்கு ஆறு வயது. அப்போது வென்றிருந்தால் அவளுக்கு என்ன கொடுத்திருப்பேன் என்று தெரியவில்லை. 2012 இல் அவளுக்குப் பத்து வயது, என் அம்மா வீட்டோடு இருந்தார். மாலையில் சராசரியாக ஒரு மணித்தியாலம் தொலைபேசி, மாதத்தில் இரண்டு விடுமுறை நாட்கள் பயணம். கச்சான் காற்று வீசும் ஆடி மாதங்களில் புழுதி படிந்த முகத்தோடு வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் படுத்த நாட்கள் உண்டு. வீட்டில் ஒருவர் மனதாரத் தோள் கொடுக்காவிட்டால் இது நடக்காது. உங்கள் கணவரை வென்ற பிறகு சமாதானப்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். இப்போதே உட்கார்ந்து, வாரத்தில் எந்த இரண்டு மாலைகள் உங்களுடையவை, எந்த நாட்களில் பிள்ளைகளை அவர் பார்த்துக்கொள்வார் என்று நாட்களைக் குறித்துப் பேசுங்கள். அவர் முடியாது என்றால், இந்தத் தடவை துணைச் செயலாளராக நின்று பழகுவதும் ஒரு வழி. அதைத் தோல்வியாக நான் பார்க்க மாட்டேன்.

2024 ஆகஸ்ட் 4

முக்கியமான திருத்தம். உங்கள் பெயரை நானே முன்மொழிகிறேன் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தேன். இன்று யாப்பை மறுபடி எடுத்து வாசித்தேன். 2022 டிசம்பர் 31 இல், அறுபது வயதைக் கடந்த அரச ஊழியர்களெல்லாம் ஒன்றாக ஓய்வு பெற்றபோது நானும் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றவர் இணை உறுப்பினர். கூட்டத்துக்கு வரலாம், பேசலாம், வாக்களிக்கவோ முன்மொழியவோ முடியாது. என் கையெழுத்தோடு வேட்புமனு போயிருந்தால் அது நிராகரிக்கப்பட்டிருக்கும். யாப்பைக் கோடிட்டு வாசியுங்கள் என்று முதல் நாளே உங்களுக்குச் சொன்ன நான் இதைக் கவனிக்கவில்லை. தயவுசெய்து கடமையில் உள்ள இருவரைத் தேடுங்கள். ஒருவர் உங்கள் வைத்தியசாலையைச் சேராதவராக இருந்தால் நல்லது.

2024 ஆகஸ்ட் 11

வேட்புமனு கையளிக்கப்பட்டுவிட்டது. கந்தளாய்த் தம்பி தனக்குத் தெரிந்த ஒரு சிங்களத் தாதியோடு பேச, அந்தத் தாதியே முன்மொழிந்திருக்கிறார். கிண்ணியாவைச் சேர்ந்த ஒருவர் வழிமொழிந்திருக்கிறார். கணவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டாராம். எதிர்த்து நிற்பவர் நகரத்தைச் சேர்ந்த மூத்தவர், நல்ல தாதி, எனக்கு நீண்ட காலப் பழக்கம். இருவரும் கடமை மாறும் வேளைகளில் தேர்தல் பேசுவதில்லை என்று உடன்பட்டிருக்கிறார்கள் என்பதை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன்.

தங்கச்சி ஒன்றைக் கவனித்திருக்கிறார். நான் இரண்டு தடவை நின்றும் கவனிக்காதது. அறிவித்தலில் வாக்களிப்பு காலை 10 மணியிலிருந்து 12 மணி வரை என்றிருக்கிறது. காலைக் கடமையில் இருப்பவர்கள் பகல் 1 மணிக்குத்தான் விடுபடுவார்கள். அப்படியென்றால் மாவட்டம் முழுவதிலும் அன்றைய காலைக் கடமையில் உள்ள ஒருவராலும் வாக்களிக்க முடியாது. இத்தனை வருடங்களாக இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது, காலை அட்டவணையில் பெயர் விழுந்தவர்கள் தங்கள் தலைவிதி என்று பேசாமல் இருந்திருக்கிறார்கள். தேர்தல் பொறுப்பாளருக்குக் கடிதம் எழுதி, நேரத்தை நீடிக்கும்படி கேட்கப்போவதாகச் சொல்கிறார். எதிர்த்து நிற்பவரின் கையெழுத்தையும் வாங்கி, இருவருமாகக் கேளுங்கள் என்று சொன்னேன்.

2024 ஆகஸ்ட் 18

கடிதத்தில் இருவரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். 2012 இல் வாக்குப் பெட்டியாக நாங்கள் பயன்படுத்தியது காலியான கையுறைப் பெட்டி. அறுவைக் கத்தி அலகால் மேலே ஒரு பிளவு வெட்டி, நான்கு பக்கமும் பிளாஸ்டர் ஒட்டி, ஒட்டின் மேல் வேட்பாளர் இருவரும் கையெழுத்திட்டோம். இந்தத் தடவை பூட்டுள்ள பெட்டி வாங்கியிருக்கிறார்களாம்.

திருத்திய அறிவித்தல் நேற்று மாலை வந்தது. வாக்களிப்பு பிற்பகல் 3 மணி வரை. தமிழிலும் சிங்களத்திலும் திகதி, நேரம், இடம் மூன்றும் ஒன்றாகவே இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு தடவை நான் பார்த்தேன், தங்கச்சி தான் மூன்று தடவை பார்த்ததாகச் சொன்னார்.